கட்டில் காலியில்லை

எங்கள் வீட்டு வாசல் கேட்டுக்குப் பிடிவாதம் அதிகம். நேராகத் தள்ளினால் அசையாது. சற்றுத் தூக்கிப் பிடித்து, முழங்காலால் ஒரு தட்டு தட்டினால்தான் வழி விடும். புதிதாக வருகிறவர்கள் அதோடு மல்லுக்கட்டுவதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, நான் தையல் மெஷினை விட்டு எழுந்து போய்த் திறந்துவிடுவேன்.

அன்று பொழுது சாயும் நேரத்தில், முதுகில் மூட்டை போன்ற பையோடு வந்த பெண் கேட்டைத் தூக்கினாள். முழங்காலால் தட்டினாள். உள்ளே வந்துவிட்டாள்.

"துணி கட்டியிருக்கே, வரலாமா?" என்று சிரித்தாள்.

"உனக்காகத்தான் கட்டினேன். வாம்மா," என்றேன். கேட்டை எப்படித் திறந்தாள் என்று கேட்க நினைத்தேன். தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலை மெஷினில் சிக்கிக்கொண்டதால் மறந்துபோனேன்.

அவள் ஒரு நர்ஸ். வேலையை விட்டுவிட்டு உலகத்தைச் சுற்றக் கிளம்பியவள். இப்படி ஒரு கூட்டமே இருக்கிறது. ஹோட்டலில் தங்க வசதி கிடையாது. ஊருக்கு ஊர் தெரிந்த ஆள் ஒருவர், படுக்க ஒரு கட்டில், வயிற்றுக்கு ஏதாவது, அவ்வளவு போதும். பதிலுக்குச் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், தோட்டத்தைக் கொத்திக் கொடுப்பார்கள். இந்த ஊரில் அவர்களுக்கென்று இருப்பது எங்கள் வீட்டுக் கட்டில்.

அது என் மகனின் கட்டில். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று அவன் அப்பா திட்டித் திட்டி, சக்கரம் என்பதே அவன் பெயராகிவிட்டது. அவனும் இந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். கிளம்புவதற்கு முன் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாடம் எடுத்தான்.

"அம்மா, நீ இங்க ஒருத்தருக்குப் படுக்க எடம் குடுத்தா, எங்கயோ ஒரு அம்மா எனக்குக் குடுப்பாங்க. அப்படித்தான் இது ஓடுது."

எங்கள் சந்தில் போன் சரியாக எடுக்காது. வாய்வழியாக விலாசம் கேட்டு யாராவது வந்து நிற்பார்கள். அதனால் ஒரு ஏற்பாடு செய்தான். கட்டிலுக்கு ஆள் வந்துவிட்டால் கேட்டில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். துணி இருந்தால் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள்.

"எவ்வளவு கஷ்டத்துல இருந்தாலும் தட்ட மாட்டோம்மா. அதுதான் எங்களுக்கு மரியாதை."

திரைச்சீலை தைத்து மிஞ்சிய துணியை அவனே கிழித்துக் கட்டிக் காட்டினான். இடதுகைக்காரன். அவன் போடும் முடிச்சு எப்போதும் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். அவிழ்க்க நான் திணறுவேன். அவன் சிரிப்பான்.

போன மழைக்காலத்தில் கடைசியாகப் பேசினான். "நாளைக்கு ஆத்தத் தாண்டணும்மா. பெரிய படகு கட்டுப்படியாகல. சின்னதுல போறேன். அந்தப் பக்கம் போனதும் பேசறேன்."

அதற்குப் பிறகு பேச்சில்லை.

அவன் அப்பா பஸ் டிரைவர். அவர் ஏறாத ஆபீஸ் படி இல்லை. யாரும் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் மகன் சொன்ன அந்த ஒரு கணக்குதான். இங்கே கட்டில் காலியாகக் கிடந்தால் அவன் எங்கோ வெறும் தரையில் கிடப்பான் என்று மனசு அடித்துக்கொள்ளும். ஒருவர் கிளம்புவதற்குள் அடுத்தவரை வரச் சொல்லிவிடுவேன். "வீடா இல்ல சத்திரமா?" என்று இவர் எரிந்து விழுவார். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. அந்தத் துணி கேட்டை விட்டு இறங்கியதே இல்லை.

நர்ஸ் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் கேட்டேன். "அந்த கேட்டைத் திறக்க யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"பஸ் ஸ்டாப்ல ஒருத்தர் நின்னாரு. நீங்க போற வீடு எனக்குத் தெரியும்னு முன்னால நடந்தாரு. தூக்கிப் பிடிச்சு முட்டியால தட்டணும்னு அவர்தான் சொன்னாரு."

"பக்கத்து வீட்டுப் பையனா இருக்கும்."

"இல்லம்மா. நம்ம ஆளு. முதுகுல பை இருந்துச்சு." தண்ணீரைக் குடித்துவிட்டு யோசித்தாள். "இந்த ஊர்ல இன்னைக்கு மழை பெஞ்சுதா?"

மழையா? கிணறு வற்றிப் போகிற வெயில். தெருவில் புழுதி பறக்கிறது.

"அவரு தொப்பலா நனைஞ்சிருந்தாரு. தலையிலேருந்து சொட்டிக்கிட்டே இருந்துச்சு. மழையான்னு கேட்டேன். இங்க இல்ல, அங்கன்னாரு."

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

முன்பு வந்த சமையல்காரரும் இதையே சொல்லியிருந்தார். ஈரச் சட்டையோடு ஒரு தம்பி வழி காட்டினான் என்றார். அதற்கு முன் வந்த தம்பதியும் சொன்னார்கள். முனையில் கார் கழுவும் கடை இருக்கிறது. அங்கே வேலை செய்கிற யாரோ என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"அவன் பையில..." என்று ஆரம்பித்தேன். "தோள்பட்டை வார்ல ஏதாவது பாத்தியா?"

"பாத்தேனே. பிஞ்சு போய், மஞ்சள் நூல்ல தைச்சிருந்துச்சு. ஏம்மா?"

நான் தைத்த நூல். கறுப்பு நூல் தீர்ந்துபோன அன்று, ஊரே சிரிக்கும் என்று அவன் சிணுங்கச் சிணுங்கத் தைத்தது.

"உள்ள கூப்பிடலையா நீ?"

"கூப்பிட்டேம்மா. கேட் பக்கத்துலயே நின்னு வீட்டையே பாத்துக்கிட்டிருந்தாரு. வாங்கன்னேன். தலைய ஆட்டினாரு."

"என்ன சொன்னான்?"

நர்ஸ் மெதுவாகச் சொன்னாள்.

"'துணிதான் கட்டியிருக்கே'ன்னாரு."

ஓடினேன். தெருவில் யாருமில்லை. கேட்டுக்கு வெளியே, காய்ந்த புழுதியில், ஒரு ஆள் நிற்கும் அகலத்துக்கு மட்டும் மண் சேறாகியிருந்தது. ஆற்று வண்டல் வாசம் அடித்தது. எங்கள் ஊரில் ஆறு கிடையாது.

எத்தனை முறை வந்தானோ. ஒவ்வொரு முறையும் யாரையோ என் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, தன் கட்டிலில் ஆள் இருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போயிருக்கிறான். அவனுக்குத் தலைசாய்க்க இடம் கிடைக்க வேண்டும் என்று நான்தான் அவன் இடத்தை அடைத்து வைத்திருந்தேன். அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன்.

வேலை முடிந்து வந்தவர் என்னை அப்படியே பார்த்தார். எல்லாவற்றையும் கொட்டினேன். பைத்தியமா என்று கத்துவார் என்று நினைத்தேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பஸ்ஸுல கடைசி சீட்டு," என்றார். "நம்ம ஸ்டாப் தாண்டினதும் போய்ப் பாத்தா ஈரமா இருக்கும். யாரும் இறங்கினத நான் பாத்ததில்ல. துடைச்சு விட்டுருவேன்."

"எப்பலேருந்துங்க?"

"ரொம்ப நாளா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா..." அவர் வாய் கோணியது. "சொன்னா அவன் இல்லன்னு ஆயிடுமேடி."

முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனுஷன், புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். அதுவரை நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே பொய்யைக் காப்பாற்றி வந்திருக்கிறோம்.

மறுநாள் காலை நர்ஸ் தானாகவே பையைக் கட்டினாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்து வருவதாக இருந்தவருக்கு, இடமில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

துணியை அவிழ்த்து மெஷின் டிராயரில் போட்டுப் பூட்டினேன். சாவி என் இடுப்பில். கட்டிலுக்குத் துவைத்த விரிப்பு விரித்தேன். தலை துவட்ட ஒரு டவல். அவனுடைய பழைய சட்டை. சந்திலிருந்து பார்த்தால் வெறும் கேட் தெரிகிற மாதிரி வாசல் விளக்கைப் போட்டேன்.

இருட்டத் தொடங்கியது. இருவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். தெருவில் விளையாடிய பிள்ளைகளின் சத்தம் ஓய்ந்தது. ஒரு நாய் குரைக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டது.

வண்டல் வாசம் வந்தது.

கேட் தூக்கப்பட்டது.

முழங்காலால் ஒரு தட்டு.

படியில் தண்ணீர் சொட்டும் சத்தம். சொத்... சொத்... எங்களைத் தாண்டிப் போனது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. என் கணுக்காலில் மட்டும் ஒரு சில்லிப்பு பட்டு நகர்ந்தது.

அறைக் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

கட்டில் கிறீச்சிட்டது.

எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"போகாத," என்றார் ரகசியமாக. "தூங்கட்டும். எவ்ளோ தூரம் நடந்து வந்தானோ."

சுவரில் சாய்ந்தபடி அங்கேயே கிடந்தோம். எப்போது கண்ணயர்ந்தோம் என்று தெரியவில்லை.

விடிந்ததும் அறையைத் திறந்தேன். டவல் நனைந்திருந்தது. விரிப்பில் ஒரு ஆள் சுருண்டு படுத்த அளவுக்கு ஈரம். பையைக் காணோம், செருப்பைக் காணோம். போய்விட்டான். ஒரே ஒரு பொழுது இளைப்பாற வந்து, அவர்கள் எல்லோரையும் போலக் கிளம்பிப் போய்விட்டான். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, போயிட்டியாடா என்று கதறினேன்.

"இங்க வா," என்று வாசலிலிருந்து இவர் கூப்பிட்டார். குரல் வினோதமாக இருந்தது.

கேட்டில் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

டிராயரைப் போய்ப் பார்த்தேன். பூட்டு பூட்டியபடியே இருந்தது. சாவி என் இடுப்பில்தான். உள்ளே துணி இல்லை.

திரும்ப வந்து முடிச்சைத் தொட்டேன். எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. நான் அவிழ்க்கவில்லை.

இப்போதும் அந்தக் கூட்டத்துப் பிள்ளைகள் முதுகுச் சுமையோடு சந்துக்குள் வருகிறார்கள். துணியைப் பார்த்ததும் தட்டாமல் திரும்பிவிடுகிறார்கள். ஜன்னலிலிருந்து பார்க்கப் பாவமாக இருக்கும். கூப்பிட முடியாது. கட்டில் காலியில்லை.

வெயில் மண்டையைப் பிளக்கிறது. கொடியில் போட்ட துணி போட்ட கையோடு காய்ந்துவிடுகிறது. கேட்டில் இருக்கிற துணி மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.