கோட்டுக்கு வெளியே

பழைய கோடு புதிய படத்தின் மேல் அச்சு அசலாகப் பொருந்தி உட்கார்ந்தது. அதைப் பார்த்ததும் அவள் மௌஸிலிருந்து கையை எடுத்தாள்.

பொருந்தக் கூடாது. தம்பியின் மூளையில் இருக்கும் கட்டி அவ்வளவு சாதுவானது இல்லை. நாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் பக்கத்து இடத்தையும் வளைத்துப் போட்டுக்கொள்ளும் ரகம். அதன் வளர்ச்சியை அளப்பதுதான் அந்த ஆஸ்பத்திரியில் அவள் வேலை. ஸ்கேன் எடுத்த தலையைக் கம்ப்யூட்டர் மெல்லிய துண்டுகளாக நறுக்கிக் காட்டும். ஒவ்வொரு துண்டிலும் கட்டியின் விளிம்பை ஒட்டி அவள் மௌஸால் மஞ்சள் கோடு போடுவாள். கோட்டுக்குள் இருப்பதையெல்லாம் கூட்டி, கட்டி இவ்வளவு பெரிது என்று மெஷின் சொல்லும். மருந்தா கத்தியா என்று டாக்டர் முடிவெடுப்பது அந்த எண்ணை வைத்துத்தான்.

போன முறை அவள் கோட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டாள். ஒரு நகக்கீறல் அகலம், அவ்வளவுதான். "இன்னொரு வாட்டி மண்டையைத் திறந்தா நான் தாங்க மாட்டேன்க்கா" என்று தம்பி சொல்லியிருந்தான். அவனுக்காகத்தான் செய்தேன் என்று இத்தனை நாளும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். உண்மை அது இல்லை. 'வளர்ந்துவிட்டது' என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்குத்தான் வாய் வரவில்லை. டாக்டர் எண்ணைப் பார்த்தார், தலையாட்டினார், அதே மாத்திரையைத் தொடரச் சொன்னார். தம்பி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எல்லாம் உன் கைராசிக்கா" என்றான். அன்று அந்தக் கையால் அவளுக்குச் சாப்பிட முடியவில்லை.

அப்போது கோட்டுக்கு வெளியே விட்டுவைத்த சாம்பல் விளிம்பு இன்றைய படத்தில் இன்னும் தடித்திருக்க வேண்டும். ஆனால் அந்த இடம் துடைத்து வைத்தாற்போல் சுத்தமாக இருந்தது. அவள் சொன்ன பொய்யின் எல்லைக்குள் கட்டி கைகட்டி நின்றது. சந்தோஷப்படேன் என்றது மனசு. சந்தோஷம் கிட்டவே வரவில்லை.

படம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஜன்னலே வைக்காமல் கட்டிய அறை அது, பட்டப்பகலிலும் இருட்டுதான். ஏசியின் குளிரில் மருந்து வாடையும் சூடேறிய வயரின் வாடையும் கலந்து மூக்கில் ஏற, சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்கேன் மெஷின், உள்ளே அகப்பட்டுக்கொண்ட யாரோ பொறுமையாகக் கதவைத் தட்டுவது போல, டக் டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டுக் காதில் விழாமலே போன சத்தம் அது. இன்று ஒவ்வொரு தட்டும் அவள் பின்மண்டையில் வந்து இறங்கியது. தம்பியை எடுத்து முடித்தாயிற்றே, இப்போது உள்ளே யார்?

டெக்னீஷியன் கதவைத் திறந்து தலையை நீட்டினான்.

"உங்க தம்பி பொண்ணைப் படுக்க வெச்சிருக்கேன். படம் இப்ப உங்களுக்கு வரும்."

"பாப்பாவையா? எதுக்கு?"

"தலைவலியாம், ஸ்கூல்ல வாந்தி எடுத்துச்சாம். வந்ததோட வந்ததா எடுத்துடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. போன தடவை அப்பாகூட இங்க வந்துட்டுப் போனதுலேர்ந்தே வலிக்குதாம்." சும்மா போக அவனுக்குத் தெரியாது. "ஒரே குடும்பம், கன்செஷன் குடுங்கன்னு கேக்கப்போறாரு உங்க தம்பி" என்று சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.

பக்கத்துத் திரையில் குழந்தையின் தலை துண்டு துண்டாக வர ஆரம்பித்தது. முதலில் ஒன்றுமில்லை. அடுத்ததிலும் ஒன்றுமில்லை. அவள் மூச்சு விட்டாள். அதற்கு அடுத்ததில் ஒரு வளையம் இருந்தது.

சாம்பல் வளையம். கட்டியின் நடுப்பகுதி செத்துப்போய் வளையமாகத் தெரிவதை அவள் எத்தனையோ தலைகளில் பார்த்திருக்கிறாள். இதன் நடுவில் நல்ல மூளை இருந்தது. யாரோ கோடு போட்டு விலக்கி வைத்த மாதிரி.

தம்பியின் மஞ்சள் கோட்டை எடுத்தாள். பொருந்தாமல் போகட்டும், பொருந்தாமல் போகட்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே வளையத்தின் நடுவில் வைத்தாள்.

பொருந்தியது.

அன்று தம்பியின் தலையில் அவள் கணக்கில் சேர்க்காமல் விட்ட சாம்பல் இது. போக்கிடம் இல்லாமல் நின்றது. அப்பா மடியில் உட்கார்ந்திருந்த குழந்தையிடம் போயிருக்கிறது.

தம்பியின் பழைய படத்தைத் திறந்தாள். கோட்டை அழித்தாள். அன்று போட வேண்டிய இடத்தில், சாம்பலின் வெளி விளிம்பில், மௌஸை வைத்தாள். கை நகரவில்லை. குழந்தையை விட்டால் இது திரும்பி எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். அன்று கோழைத்தனத்தால் அவனுக்குக் கெடுதல் செய்தாள். இன்று தெரிந்தே செய்யப்போகிறாள். 'மன்னிச்சிடுடா' என்று சொல்லக்கூட அவளுக்கு அருகதை இல்லை.

கோடு போட்டாள்.

முதல் துண்டு. குழந்தையின் திரையில் ஒரு வளையம் மறைந்தது. அடுத்தது. அதுவும் மறைந்தது. டக். டக். டக். கண்ணீர் மறைத்தது. துடைக்கவில்லை. கடைசித் துண்டு. கோட்டை மூடினாள்.

குழந்தையின் தலை சுத்தம்.

கதவு திறந்தது. தம்பி நின்றான்.

"பாப்பாவுக்கு ஒண்ணுமில்லையேக்கா?"

"ஒண்ணுமில்லடா."

"அப்பாடா." சிரித்தான். வாயின் ஒரு பக்கம்தான் மேலே போனது.

அவள் திரையைப் பார்த்தாள். அவனுடைய இன்றைய படம். எடுத்து முடித்து வைத்த படம். அதில் சாம்பல் நகர்ந்தது. புதுக் கோட்டைத் தொட்டது. அங்கேயே நிற்கும் என்று நினைத்தாள். நிற்கவில்லை. இடையில் வளராமல் விட்ட மாதங்களுக்கும் சேர்த்து வளர்ந்தது. மௌஸோடு துரத்தினாள். கோடு போடப் போட அது தாண்டிப் போனது.

"எனக்கு எவ்ளோ இருக்குக்கா? போன தடவை மாதிரியேதானே?" நாக்கு குழறியது. இடது கை தொங்கிவிட்டது. அவனுக்கு அது தெரிந்ததாகவே இல்லை.

பாதித் தலை. முக்கால் தலை. மண்டையோட்டின் விளிம்பு. அதற்கு மேல் கோடு போட இடமில்லை.

"சொல்லேன்க்கா."

திரையில் மண்டையோட்டுக்குள் சாம்பலைத் தவிர வேறு எதுவுமே இல்லை. அவனோ வாசலில் நின்றபடி, பாதி முகத்தால் சிரித்துக்கொண்டு, அவள் பதிலுக்காகக் காத்திருந்தான்.