முடியாத ஓட்டம்

சினிமாவில் யாராவது ஓடினால் காலடிச் சத்தம் கேட்கிறதே, அது பெரும்பாலும் நடிப்பவருடைய காலடி இல்லை. எங்கோ ஓர் இருட்டு அறையில், திரையைப் பார்த்தபடி வேறு யாரோ ஓடியிருப்பார்கள். சுண்டெலியின் அம்மாவுக்கு அதுதான் வேலை.

நேற்று அம்மாவுக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. இன்று சாயங்காலத்துக்குள் சத்தம் தயாராகவில்லை என்றால் படம் வேறு ஆளிடம் போய்விடும். அதனால் காலடிச் சத்தம் எடுக்க வைத்திருந்த மணல் தொட்டிக்குள் சுண்டெலி இறங்கினாள். ஆள்தான் சுண்டெலி, வாய் யானை அளவு.

பெண்கள் ஓடக்கூடாது என்று சொன்ன காலத்தில், முதன்முதலாக நெடுந்தூரம் ஓடிய வீராங்கனையின் கதை அது. திரையில் அவர் ஓட, சுண்டெலியும் நின்ற இடத்திலேயே ஓடினாள். அவர் எல்லைக் கயிற்றைத் தொட்டதும் படம் நின்றது. சுண்டெலியும் நின்றாள்.

"நில்லுடி, படம் முடிஞ்சிடுச்சு!" என்றாள் அம்மா. அவள் காதில் ஹெட்போன் இருந்தது.

"நின்னுட்டேனே!"

"பொய் சொல்லாதே. ஓடற சத்தம் கேக்குதே."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். சுண்டெலி இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

சுண்டெலி ஹெட்போனை வாங்கி மாட்டினாள். சரக்... சரக்... யாரோ ஒரு காலை இழுத்து இழுத்து ஓடினார்கள். ஹெட்போனைக் கழற்றினால் அறையில் ஒரு சத்தமும் இல்லை. மைக்கை மாற்றிப் பார்த்தார்கள். அப்போதும் சரக்... சரக்... சுண்டெலி திரையில் நின்ற வீராங்கனையைப் பார்த்தாள்.

"அம்மா, நிஜமாவே இவங்க ஜெயிச்சாங்களா?"

"இல்லடி. வழியில விழுந்து அடிபட்டு, நொண்டிக்கிட்டே ஓடினாங்களாம். வந்து சேர்றதுக்குள்ள எல்லாரும் கயித்தைச் சுருட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. அப்படி முடிச்சா யாரு பார்ப்பாங்கன்னு படத்துல ஜெயிக்க வச்சுட்டாங்க."

"அப்போ எங்க நிக்கறதுன்னு தெரியாம இன்னும் ஓடிக்கிட்டே இருக்காங்கம்மா. பாவம்."

சுண்டெலி தலையிலிருந்து ரிப்பனை அவிழ்த்தாள்.

"இந்த முனையை நீ பிடி."

"எனக்குப் பயமா இருக்குடி."

"எனக்கும்தான். பிடி."

மணல் தொட்டிக்குக் குறுக்கே ரிப்பன் நீண்டது. சுண்டெலி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மைக்கின் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னாள்.

"இங்கதான் முடியுது. வாங்க. நாங்க எங்கேயும் போயிடல."

சரக்... சரக்... சத்தம் நெருங்கி வந்தது. மின்விசிறிகூட ஓடவில்லை, ஆனால் ரிப்பன் நடுவில் புடைத்தது. இருவர் கையிலிருந்தும் வெடுக்கென்று நழுவி மணலில் விழுந்தது. சத்தம் நின்றுவிட்டது.

சுண்டெலி கைதட்டினாள். அம்மாவும் சுளுக்கிய காலோடு எழுந்து நின்று தட்டினாள். இருவருக்கும் கண் கலங்கியிருந்தது.

அதன் பிறகு சுண்டெலி மறுபடி ஓடினாள். அவள் நின்றதும் சத்தமும் சமர்த்தாக நின்றது. வேலை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கைதட்டலையும் அம்மா கடைசியில் சேர்த்து அனுப்பியிருந்தாள்.

இயக்குநர் போனில் கூப்பிட்டார். "சத்தம் பிரமாதம்மா! ஆனா படத்துல அவங்க ஜெயிச்சதும் அவ்வளவு பெரிய கூட்டம் கத்தும்போது, தனியா ரெண்டு பேர் கைதட்டல் எதுக்கு? எடுத்துடட்டுமா?"

சுண்டெலி போனைப் பிடுங்கினாள்.

"எடுத்துடாதீங்க சார். கூட்டம் கத்தறது உங்க படத்துக்கு. இது அவங்களுக்கு."