திரைக்குப் பின்னால் இரண்டு நிமிடம்

சட்டைக்குப் பொத்தான் போட்டபடியே மகன் அம்மாவின் தலையில் குண்டைத் தூக்கிப் போட்டான்.

"இன்னைக்குக் கொத்தனார் வர்றாரும்மா. பின்னறையை இடிச்சுக் கடையோட சேர்த்துடப் போறேன். நீ இனிமே வீட்லயே இரு."

மெத்தைக்காரம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"பின்னறையையா...? உங்கப்பா இருந்த இடம்டா அது!"

"அதனாலதான்! அவர் போய் எட்டு மாசம் ஆச்சு. இன்னமும் ஒரு தலையணைக்கு யாராவது விலை குறைச்சுக் கேட்டா, 'உள்ளே கேட்டுட்டு வர்றேன்'னு திரைக்குப் பின்னாடி போறே. தெருவே சிரிக்குது!"

"ஆவிகிட்ட பேரம் பேசுற கடைன்னு எதிர்க்கடைக்காரர் சொல்றாராம் அத்தை..." மருமகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அவர் கடையில உயிரோட இருக்கிறவங்களே வாயைத் திறக்கிறதில்லை, அவர் பேச வந்துட்டாரா!" வெடுக்கென்று சொன்னாலும் குரல் பாதியில் உடைந்தது.

முப்பது வருஷப் பழக்கம். முன்னால் இவள் விற்பாள். திரைக்குப் பின்னால் அவர் தலையணை உறை தைப்பார். எவராவது அடிமாட்டு விலைக்குக் கேட்டால் இவள் உள்ளே போய், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, "அவர் ஒத்துக்கலைங்க" என்பாள். உள்ளே இருப்பவர் மகா கறார் பேர்வழி என்று ஊரே நம்பியது. மகனும்தான்.

"விலையெல்லாம் உனக்கே மனப்பாடம். அவர் சொன்னாத்தான் விலையா?"

"அவர் எந்தக் காலத்துலடா விலை சொன்னாரு?"

மகன் நிமிர்ந்தான்.

"மெத்தை என்ன விலைன்னே அவருக்குத் தெரியாது! நான் உள்ளே போனா மெஷினை நிறுத்திட்டு, 'கால் கடுக்குதா? கொஞ்சம் உக்காரு'ம்பாரு. இந்த வீட்ல மாமியார், நாத்தனார், கொழுந்தனார்... எங்க ரெண்டு பேருக்குன்னு இருந்தது அந்த ரெண்டு நிமிஷந்தான். விலை சொன்னது பூரா நான். கெட்ட பேரு மட்டும் அவருக்கு!" சிரிக்கப் பார்த்தாள், கண்ணீர் முந்திக்கொண்டது. "அவர் இல்லைன்னு எனக்குத் தெரியாதாடா? அங்க ரெண்டு நிமிஷம் உக்காந்தாத்தான் மிச்சப் பொழுது பூரா என்னால நிக்க முடியுது..."

மகன் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தான். ஸ்பிரிங் மெத்தை விற்கலாமா கூடாதா என்று தொடங்கிய சண்டையில், கடைசி மூன்று மாதம் அவன் அப்பாவோடு பேசவே இல்லை. சமாதானத்துக்கு நாள் இருக்கிறது என்று வீம்பாக இருந்துவிட்டான்.

"அம்மா... என்னைப் பத்தி ஏதாவது கேட்டாராம்மா?"

"முதல் கேள்வியே உன்னைப் பத்தித்தாண்டா. 'பையன் சாப்பிட்டானா?'"

"நீ என்ன சொல்லுவே?"

"கோபம் ஆறினதும் அவனே வருவான்னு சொல்லி வச்சிருக்கேன்."

அவ்வளவுதான்! நாற்பது வயசு ஆம்பிளை அம்மாவின் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

பத்து மணிக்குக் கடை திறந்தது. கொத்தனாரைத் திருப்பி அனுப்பிவிட்டு, மகன் தனியாகத் திரைக்குப் பின்னால் போனான். மெத்தை வாங்க வந்தவர் அவசரப்பட்டார்.

"முதலாளி எங்கேம்மா? சீக்கிரம் கூப்பிடுங்க!"

மெத்தைக்காரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. அப்பாவும் மகனும் பேசிக்கிட்டிருக்காங்க."