கிளிப்பச்சைத் தோலுக்கு அடியில்

விஜயதசமி, காலை 9.20.

ராஜபாளையம் தென்காசி ரோட்டில், மாடியிலிருக்கும் சேதுபதியின் கடை மேசை மேல் ஒரு பழைய ஃபிலிம் கேமரா உட்கார்ந்திருந்தது. உடம்பெல்லாம் புத்தம்புதிய கிளிப்பச்சைத் தோல், உச்சியில் சந்தனம், அதன் மேல் குங்குமம். கல்யாண மாப்பிள்ளை கெட்டான் போங்கள். உள்ளே இருக்க வேண்டிய ஃபிலிம் ரோலைத்தான் காணோம்.

எஸ்.எஸ்.ஐ. இசக்கியம்மாள் ஐம்பத்திரண்டு வயது முழங்காலோடு மாடி ஏறி வந்து, முதலில் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். லீவு நாளில் கேமரா திருட்டு என்று கூப்பிட்டிருக்கிறார்கள். கேமரா கண் முன்னால் இருக்கிறது. எரிச்சலாகத்தான் வந்தது.

"உள்ள ரோல் இல்லைன்னு எப்படித் தெரியும்? திறந்து பாத்தீங்களா?"

"திறக்கவே வேண்டாம் மேடம்." சேதுபதி கேமராவின் மேல்பக்கத்தில் மிளகு அளவு கண்ணாடியைக் காட்டினார். "எத்தனாவது படம்னு நம்பர் காட்டும். பின்கதவைத் திறந்தா நம்பர் ஆரம்பத்துக்கு ஓடிரும். நேத்து சாயங்காலம் இருபத்திமூணு. இப்ப பாருங்க."

அங்கே எண்ணே இல்லை, ஆரம்பக் கோடு மட்டும் நின்றது.

பழைய கேமராக்களின் பொரிந்துபோன கறுப்புத் தோலை உரித்துவிட்டு, ஆட்டுத்தோல், சுங்குடி, பட்டு என்று புதுச்சட்டை மாட்டிவிடுவது சேதுபதியின் தொழில். வாங்கிய பொருளை வாங்கியபடியே நோட்டில் எழுதி வைப்பார். திங்கட்கிழமைப் பக்கத்தில் இப்படி இருந்தது: 'மாதுரி, ஸ்ரீவில்லிபுத்தூர். கிளிப்பச்சை. உள்ளே ரோல். எண் 23. லீவர் சுற்றியபடி இறுகிவிட்டது, ஷட்டர் விழவில்லை. கதவுக் குமிழ் நசுங்கல்.'

மாதுரியை இசக்கியம்மாளுக்குத் தெரியும். அவள் புருஷன் வேதாந்த் மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை, கூமாப்பட்டிப் பக்கம் மலையைப் படம் பிடிக்கப் போன இடத்தில் ஏதோ ஒரு வண்டி அடித்துச் செத்துப்போனான். அடித்த வண்டி நிற்கவில்லை. இன்றுவரை எந்த வண்டி என்றும் தெரியவில்லை. பக்கத்தில் விழுந்து கிடந்தது இந்தக் கேமராதான்.

"அந்தப் பிள்ளை ஏன் தோல் மாத்தச் சொல்லுச்சு?"

"தார் ரோட்டுல தேஞ்சு, பழைய தோல் கிழிஞ்சு கிடந்துச்சு. அதைப் பாக்கப் பாக்க அவிய விழுந்ததுதான் நெனப்பு வருதுன்னுச்சு. ரோலை விஜயதசமி கழிச்சு மதுரைக்கு அனுப்பிக் கழுவலாம்னு சொல்லியிருந்தேன். அதுல புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து நிக்கிற படம் ஒண்ணு இருக்காம் மேடம். அந்த ஒண்ணுதான் இருக்காம்." சேதுபதி மூக்கை உறிஞ்சினார். "அடிச்ச வண்டிகூட அதுல விழுந்திருக்கலாம்னு நேத்து பூசையில நான்தான் வாயை விட்டேன்."

"யார் யார் இருந்தா?"

"நான். வேலைக்கு இருக்கிற பிரிஸ்கில்லா. அச்சுத். அச்சுத் மாதுரியோட கூடப்பிறந்த தம்பி. சனிக்கிழமை சனிக்கிழமை வந்து, முடிச்ச கேமராவை இன்ஸ்டாகிராம்ல போட்டு விப்பான். கைவேலையும் தெரியும்."

பூட்டு உடையவில்லை. சாவி மூன்று, மூவரிடமும் ஒவ்வொன்று. குமிழ் நசுங்கியதால் அந்தக் கதவைச் சும்மா திறக்க முடியாது. புதுத்தோலைக் கத்தியால் உரித்து, அடியில் இருக்கும் திருகாணிகளைக் கழற்றியிருக்கிறார்கள். பிறகு தோலைத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். ஓரத்தில் பசை இன்னும் பிசுபிசுத்தது.

"வெளியாள் இல்ல," என்றார் இசக்கியம்மாள்.

சேதுபதி குரலைத் தாழ்த்தினார். "சொல்லக் கூடாது மேடம். பூசையில வச்ச கத்தியை மறுநாள் வரைக்கும் எங்க கை தொடாது. அந்தப் பிள்ளை பிரிஸ்கில்லா சர்ச்சுக்குப் போறவ."

பலகை மேல் கருவிகள் படுத்திருந்தன. கத்தி, கத்தரி, இடுக்கி, ஸ்க்ரூடிரைவர் என்று மொத்தம் பதின்மூன்று. எல்லாவற்றிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். பதினொன்றில் பொட்டு வட்டமாக இருந்தது. தோல் கத்தியிலும் சின்ன ஸ்க்ரூடிரைவரிலும் மட்டும் கொஞ்சம் நீண்டிருந்தது. ஈரத்தில் இழுத்திருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். இசக்கியம்மாளும் அப்படித்தான் முதலில் நினைத்தார்.

9.50.

பிரிஸ்கில்லாவுக்கு இருபத்தாறு வயது. கண் சிவந்திருந்தாலும் குரல் உடையவில்லை.

"நேத்து எப்பக் கிளம்பின?"

"ஆறு மணிக்கு அண்ணாச்சி பூட்டினாங்க. ஆறரை பஸ்ல செட்டியார்பட்டி போயிட்டேன்."

"யார் பாத்தா?"

"பஸ்ல இருந்தவங்க பாத்திருப்பாங்க. பேரு கேட்டு வச்சுக்கல."

இசக்கியம்மாளுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. பொய் சொல்கிறவர்களிடம் எப்போதும் ஒரு சாட்சி தயாராக இருக்கும்.

"பொட்டு வச்சது யாரு?"

"அண்ணாச்சிதான், கட்டை விரலால. ஸ்டேட்டஸ் போடலாம்னு போட்டோ எடுத்தேன்."

போனை நீட்டினாள். மாலை 5.40. அதே பலகை, அதே பதின்மூன்று கருவிகள். இசக்கியம்மாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒவ்வொரு பொட்டாக எண்ணி, படத்தைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நீ வீட்டுக்குப் போம்மா."

பிரிஸ்கில்லா தன் சாவியைப் பையிலிருந்து எடுத்து, சேதுபதியின் முகத்தைப் பார்க்காமல் மேசை மேல் வைத்துவிட்டுப் படி இறங்கினாள். அவர் அவளைக் கூப்பிடவும் இல்லை.

பகல் 12.10. ஸ்ரீவில்லிபுத்தூர்.

அச்சுத் இருப்பதும் மாதுரியின் பிறந்த வீட்டில்தான்; ஆண்டாள் கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுக்கும் வீடு. முற்றம் முழுக்கத் துளசி வாசம். வாசலில் ஒரு வெள்ளைக் கார், ஆயுத பூசைக்குக் கழுவிய பளபளப்போடு நின்றது. முன்விளக்கில் ஒன்று பழுப்பேறிக் கிடந்தது. மற்றது கண்ணாடித் தம்ளர் போலத் தெளிவாக இருந்தது. நடுவில், பானெட்டின் மேல், சந்தனத்தில் ஒரு குங்குமக் கோடு. அடியில் தடித்து, மேலே போகப் போக மெலிந்த கோடு.

இசக்கியம்மாள் அந்தக் கோட்டையே பார்த்தார். தனக்குப் பதில் வேறு யாராவது வந்திருக்கக் கூடாதா என்று நினைத்தார்.

திண்டில் சாய்ந்திருந்த அச்சுத் எழுந்து நின்றான். நெற்றியில் ஒற்றை நாமம். மாதுரி உள்ளேயிருந்து தண்ணீர்ச் செம்போடு வந்தாள்.

"காரை யாருப்பா ஓட்டுதா?"

"நான்தான் மேடம். விடியக்காலம் துளசி எடுக்கப் போவேன்."

"எங்கிட்டு?"

"கூமாப்பட்டித் தோட்டத்துக்கு."

"நேத்து பூசை முடிஞ்சு?"

"கோயிலுக்குப் போயிட்டேன்."

"ராஜபாளையத்துலருந்து நேரா?"

அவன் பார்வை காருக்குப் போய்த் திரும்பியது.

இசக்கியம்மாள் பிரிஸ்கில்லாவின் படத்தைத் தன் போனில் எடுத்துக் காட்டினார். "சாயங்காலம் அஞ்சு நாப்பதுக்குப் பதிமூணு பொட்டும் வட்டம். இன்னைக்கிக் காலையில பதினொண்ணுதான் வட்டம். கத்தியிலயும் ஸ்க்ரூடிரைவர்லயும் பொட்டு அழிஞ்சு, யாரோ திரும்ப வச்சிருக்காங்க. கட்டை விரலால அமுக்கி இல்ல, மோதிர விரலால கீழருந்து மேல இழுத்து. உன் வண்டியில இருக்கே, அந்த மாதிரி. உன் நெத்தியில இருக்கே, அதே மாதிரி."

அச்சுத் கையைப் பின்னால் மறைத்தான். மறைத்து என்ன செய்ய?

"திருட வந்தவன் அழிஞ்ச பொட்டை விட்டுட்டுப் போயிருந்தா எனக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காது. ஈரத்துல தானா ஒழுகிப்போச்சுன்னு நெனச்சிருப்பேன். உனக்குப் பூசைக் கருவியைப் பொட்டில்லாம வைக்க மனசு வரல. பழகின விரல் பழகின கோட்டைப் போட்டுருச்சு." அவர் வாசலைப் பார்த்தார். "ஒரு விளக்கு மட்டும் எப்பப்பா மாத்தின?"

அவன் சுவரோரம் உட்கார்ந்தான்.

"பனியா இருந்துச்சு. மாடுன்னு நெனச்சேன். சத்தியமா மாடுன்னுதான் நெனச்சேன் மேடம். வீட்டுக்கு வந்த பொறவு அக்காகிட்டருந்து போன் வருது. அத்தான்னு சொல்லுதாங்க." புறங்கையால் முகத்தைத் துடைத்தான். "நேத்து சேதுபதி அண்ணாச்சி, வண்டி அதுல விழுந்திருக்கும்னாரு. எனக்கு உசுரே இல்ல. எல்லாரும் போன பொறவு திரும்பிப் போனேன். ரோலை வெளிய உருவி வெளிச்சத்துல காட்டிட்டேன்."

மாதுரியின் கையில் செம்பு அப்படியே இருந்தது. தம்பியை அடிக்கவில்லை, திட்டவில்லை. இசக்கியம்மாள் அவள் தோளைத் தொட்டார். அவள் அதை உணர்ந்ததாகவே தெரியவில்லை.

"கார் அதுல விழல," என்றாள்.

"என்னம்மா?"

"கெளம்புறதுக்கு முன்னாடி வாசல்ல கேமராவைத் திட்டில வச்சு, டைமர் போட்டு, ஓடி வந்து எம்பக்கத்துல நின்னாவ. எப்பவும் கேமராவுக்குப் பின்னாடியே நிப்பாவ, அவிய படம்னு வீட்டுல ஒண்ணு கிடையாது. அது இருபத்திரண்டாவது. எடுத்து முடிச்சு லீவரைச் சுத்தி, 'இந்தா பாரு, இருபத்திமூணு. இனி மலைக்கு'ன்னு எங்கிட்ட நம்பரைக் காட்டிட்டுத்தான் போனாவ."

இசக்கியம்மாளுக்குச் சேதுபதியின் நோட்டு நினைவுக்கு வந்தது. எண் 23. லீவர் சுற்றியபடி. ஷட்டர் விழவில்லை. வீட்டு வாசலைத் தாண்டிய பிறகு அந்தக் கேமரா ஒரு படம்கூட எடுக்கவில்லை. இவனைக் காட்டிக் கொடுக்க அதில் ஒன்றுமே இருந்ததில்லை. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்க எந்த முகத்தோடு போவான்?

"எங்கல ரோலு?" என்றாள் மாதுரி.

அவன் எழுந்து பூக்கூடைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பையைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தான். உள்ளே ஃபிலிம் சுருள் சுருளாகக் கிடந்தது, ஒரு நிழல்கூட இல்லாத வெளுத்த பழுப்பு நிறத்தில்.

எந்த மருந்தில் கழுவினாலும் இனி அதில் எதுவும் தெரியாது. அச்சுத்துக்கு அது தெரியும். இசக்கியம்மாளுக்கும் காலையில் சேதுபதி சொல்லித் தெரியும். ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். வண்டி வர இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள்.

மாதுரி தரையில் உட்கார்ந்து ஃபிலிமை மடியில் நீட்டினாள். "ஒரு படத்துக்கு எட்டு ஓட்டைன்னு அவிய சொல்லிக் கொடுத்திருக்காவ," என்று யாருக்கோ சொன்னாள். ஓரத்து ஓட்டைகளை நகத்தால் எட்டு எட்டாக எண்ணிக்கொண்டே போனாள். யாரும் தடுக்கவில்லை. வெளியே ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. அச்சுத் தானாகவே எழுந்து வாசலுக்குப் போனான்.

இருபத்திரண்டு வந்ததும் அவள் விரல் நின்றது.

"இங்கதான் நிக்கோம்," என்றாள்.