மாடுகள் நின்ற இடம்

"அவன் என் தம்பியே இல்ல, மிஸ்டர் க்ராஸ். வக்கீல் நம்பிட்டார். நாளைக்குக் கையெழுத்தாயிட்டா வீடு அவனுக்கு, தெரு எனக்கு" என்றாள் லெட்டிஸ் வெயின்.

சிறுவயதில் கப்பலேறிக் காணாமல் போன தம்பி ஹியூகோ, திடீரென்று ஆஷ்லோ மாளிகைக்குத் திரும்பியிருந்தான். துப்பறிவாளர் க்ராஸ் மாளிகையை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். எத்தனை தூண்கள், எவ்வளவு வெட்டிப் பெருமை என்று அவர் முகமே சொன்னது. உதவியாளன் பிம் புல்வெளியில் மேயும் மாடுகளை நோக்கி ஓடினான்.

"ஐயோ சார்! பள்ளம்! உள்ள சுவர் இருக்கு!"

"மெதுவா, பிம். விழுந்தா மாடுதான் சிரிக்கும்."

லெட்டிஸ் பெருமையாகச் சொன்னாள்: "எங்க பூட்டனார் கட்டினது. மாடு இந்தப் பக்கம் வராது. ஆனா வீட்டிலேருந்து பார்த்தா ஏரிவரைக்கும் ஒரே புல்வெளிதான்."

தேநீர் வேளையில் வக்கீலோடு வந்த ஹியூகோ, சுவரிலிருந்த படங்களைப் பெயர் சொல்லி விசாரித்தான். செத்துப்போன நாயின் பெயரும் அவனுக்குத் தெரிந்திருந்தது. பிம் மனதுக்குள் கட்சி மாறிவிட்டான்.

"இங்க உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச இடம் எது?" என்றார் க்ராஸ்.

"இந்த ஜன்னல்தான் சார். அம்மா மடியில உக்காந்து பார்ப்பேன். மாடெல்லாம் அந்தக் கல்சுவர் வரைக்கும் வந்து, போக வழியில்லாம முழிச்சுக்கிட்டு நிக்கும்."

பிம்முக்குக் கண் கலங்கியது.

"பிம், அழுதது போதும். ஜன்னல்கிட்ட போய் அந்தச் சுவரைக் காட்டு."

பிம் எட்டிப் பார்த்தான். புல், மாடு, ஏரி. "சுவரே தெரியல சார்!"

"தெரியாது. இங்க உக்காந்திருக்கறவங்க கண்ணுல படக்கூடாதுன்னுதானே பள்ளத்துல கட்டினாங்க? அது வயல்ல நிக்கறவங்களுக்கு மட்டும்தான் சுவர். நீங்க மாடுகளோட அந்தப் பக்கம் நின்னவர், தம்பி."

வக்கீல் காகிதங்களைப் பைக்குள் திணித்தார்.

அந்த மனிதன் சிரித்தான். "எங்கம்மா இங்க பாத்திரம் தேய்ச்சவ. வீட்டுக் கதையெல்லாம் அவ சொன்னது. சுவர் மட்டும் நான் பார்த்தது." ஏரியைக் கைகாட்டினான். "எங்க ஊர் அந்தத் தண்ணிக்கு அடியில கிடக்கு. காட்சிக்கு இடைஞ்சல்னு இவங்க பூட்டனார் இடிச்சுத் தள்ளிட்டு, அங்க ஏரி வெட்டினார்."

லெட்டிஸ் கோப்பையை வைத்துவிட்டு நிஜமாகவே வியந்தாள். "ஊரா? இங்கயா?"

க்ராஸ் தொப்பியை எடுத்தார்.

"வீடு உங்களுதுதான் மேடம்" என்றார், "சந்தேகமே வேண்டாம்."