கடமான் குட்டைக்கு அடைத்த பாதை

கம்பிவேலிக்கு அடியில் தமயந்தி முதலில் நுழைந்தாள். பின்னால் அவள் தம்பி இளமாறன். சுற்றுலா வருபவர்களை ஜீப்பில் அழைத்துப்போய்க் கடமான் குட்டையைக் காட்டுவதுதான் இருவருக்கும் பிழைப்பு. ஊரே காலங்காலமாக நடந்த அந்தப் பாதையை எஸ்டேட் முதலாளி தியாகராசன் திடீரென்று அடைத்துவிட்டார். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதி வாங்கியிருப்பதாகவும், துப்பாக்கி வெடிக்கும் இடத்துக்கு யாரும் வரக்கூடாது என்றும் சொன்னார்.

ஆனால் வெடிச்சத்தம் தோட்டப் பக்கம் கேட்கவில்லை. குட்டைப் பக்கம்தான் கேட்டது.

வழிகாட்ட வந்தவன் எஸ்டேட் காவலாள் சவரி. குட்டையில் நடப்பதைக் காட்டுகிறேன் என்று அவனாகவே வந்து கூப்பிட்டது இளமாறனுக்கு உறுத்தியது. முதலாளியிடம் சம்பளம் வாங்குபவனுக்கு நம்மேல் என்ன அக்கறை? ஓடைப் பாறைகளில் ஏறும்போது சவரி அடிக்கடி நின்று எதையோ தேடுவதுபோல் பார்த்தான்.

குட்டைக்கரையில் ஒரு புதுப் பரண். அதற்கு நேர் எதிரே தண்ணீரோரம் கல்லுப்புக் குவியல். சுற்றிலும் பயிரே இல்லை. மானை வரவழைக்கத்தான் உப்பு என்று தமயந்திக்குப் புரிந்தது.

அப்போது வண்டிச் சத்தம். திரும்பினால் சவரியைக் காணோம்!

"மாட்டி விட்டுட்டான்க்கா," என்றான் இளமாறன்.

இருவரும் பாறை மறைவில் பதுங்கினார்கள். தியாகராசனும் துப்பாக்கியோடு இரண்டு விருந்தாளிகளும் பரணில் ஏறினார்கள். சற்று நேரத்தில் ஒரு கடமான் தன் குட்டியோடு இறங்கி வந்தது. இளமாறன் செல்போனில் படம் பிடித்தான். துப்பாக்கி மானை நோக்கித் திரும்பியதும், தமயந்தி கத்திக்கொண்டே வெளியே பாய்ந்தாள். குண்டு தண்ணீரில் விழுந்தது. மானும் குட்டியும் காட்டுக்குள் மறைந்தன.

"இது என் எடம். யாரைக் கேட்டு உள்ள வந்த?" என்று சீறினார் தியாகராசன்.

தமயந்தி சொன்னாள்: "எடம் உங்களுது. மான் உங்களுதில்ல."

அதற்குள் ஓடைப் பக்கமிருந்து வனக்காவலர்கள் ஓடி வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் மூச்சிரைக்க சவரி. அவர்களை அழைத்து வரத்தான் அவன் நழுவியிருக்கிறான்.

தியாகராசன்மேல் வழக்குப் பதிவானது, அனுமதி ரத்தானது, பாதை திறந்தது. வேலை போன சவரியைத் தமயந்தி தன் ஜீப்பில் சேர்த்துக்கொண்டாள். அவனைச் சந்தேகப்பட்டதை இளமாறன் தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டான்.

சவரி சிரித்தான். "நானுந்தான் உங்களச் சந்தேகப்பட்டேன் தம்பி. மொதலாளிக்குப் போன் பண்ணிருவீங்களோன்னு பயந்துதான் வனக்காவலர்களக் கூட்டிட்டு வரப்போறதச் சொல்லல. நான் உங்கள கொஞ்சம் நம்பியிருந்தா, அக்கா துப்பாக்கி முன்னால போய் நின்னிருக்க வேண்டாம்."