யொவ்னாவின் குரல்

மணிச் சத்தம் நின்றிருந்தது. குடிலுக்கு வெளியே கட்டிக் கிடக்கும் கலைமான் பனியைக் குளம்பால் கிண்டிப் பாசி தின்னும்போதெல்லாம் அதன் கழுத்து மணி கிணுகிணுத்துக்கொண்டே இருக்கும். ரிஸ்தேனுக்கு அது பழகிப்போய், கேட்கிறது என்பதே மறந்துபோன சத்தம். காப்பிப் பாத்திரத்தை அடுப்பிலேயே விட்டுவிட்டுக் கதவைத் திறந்து பார்த்தாள். மான் கழுத்தை விறைத்துக்கொண்டு, வாயில் இருந்த பாசியைக்கூட மெல்லாமல், வானத்தைப் பார்த்து நின்றது. வானத்தில் அப்போது ஒன்றும் இல்லை.

அவள் கணவன் யொவ்னா காலையில் பனிவண்டியை எடுத்துக்கொண்டு, மந்தையை விட்டுப் போன மான்களைத் தேடி மேட்டுக்குப் போனவன். நாக்கும் எலும்பும் வேகும் சட்டியைப் பார்த்து, உன் மகள் தின்று தீர்ப்பதற்குள் வந்துவிடுவேன் என்று கேலி செய்துவிட்டுத்தான் போனான். பிறகு காற்று எழுந்தது. காற்று அடங்கியும் அவன் வரவில்லை. வாக்கிடாக்கியில் கொழுந்தன் ஹெய்க்காவைப் பிடித்தாள். அவன் ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பிவிட்டதாகவும், விடிவதற்குள் வந்து சேர்வதாகவும் சொன்னான். பாவி, சூரியனே எழாத அந்தத் துருவத்து மாதத்தில் அங்கே விடிவது ஏது? அசையாமல் கிடக்கும் மனிதனை அந்தக் குளிர் அவ்வளவு நேரம் உயிரோடு வைத்திருக்காது. அது ஹெய்க்காவுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அப்புறம்தான் துருவ ஒளி வந்தது. மேட்டின் விளிம்பில் வெளிறிய பச்சைக் கீற்றாகத் தொடங்கி, யாரோ உள்ளிருந்து திரையை விலக்குவதுபோல் வானம் முழுக்க மடிப்பு மடிப்பாக விரிந்தது. பனி பச்சையானது, குடிலின் புகை பச்சையானது, மானின் கண்ணும் பச்சையானது. ரிஸ்தேன் ஓடிப்போய், குளிருக்காகக் காலணிக்குள் திணிக்கும் காய்ந்த புல்லில் ஒரு பிடி எடுத்து மானின் மணிக்குள் அடைத்தாள். அந்த ஒளிக்குக் கீழே மணி ஒலிக்கக் கூடாது. சீட்டி அடிக்கக் கூடாது, பாடக் கூடாது, அதன் கவனம் நம் பக்கம் திரும்பும்படி எதுவும் செய்யக் கூடாது. நடக்கத் தெரிவதற்கு முன்பே அங்கே பிள்ளைகளுக்கு இது தெரியும்.

உள்ளே ஆறு வயது ஐலே, அப்பாவின் தலைவிளக்கை நெற்றியில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்தி உட்கார்ந்திருந்தாள். விரலிடுக்கு வழியாகக் கேட்டாள்.

"அப்பாவுக்கு வழி தெரியுமாம்மா?"

"தெரியும்டி கண்ணு. அம்மா மேட்டு வரைக்கும் போய்ப் பாத்துட்டு வரேன். கதவத் தொறக்காத."

மேட்டின்மேல் நின்று பார்த்தாள். வண்டித் தடத்தைக் காற்று துடைத்துவிட்டிருந்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் பள்ளமும் மேடுமாக ஒரே பச்சை. கூப்பிட்டால் திக்குத் தெரிந்து பதில் கொடுப்பான். கூப்பிடாவிட்டால் செத்துப்போவான். அவளுக்கு வேறு வழியே தெரியவில்லை.

அங்கே ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு யோய்க் உண்டு. அது அவரைப் பற்றிய பாட்டு அல்ல. அந்தப் பாட்டுத்தான் அவர். ஒருவருடைய யோய்க்கைப் பாடினால் அவரையே பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது மாதிரி. ரிஸ்தேன் தலைத்துணியை இறக்கிவிட்டு, அடித் தொண்டையிலிருந்து யொவ்னாவைப் பாடினாள். முதல் சுற்றிலேயே குரல் உடைந்தது. அழுகையோடு பாடினாள்.

பதில் வந்தது.

அவன் குரலேதான். பாடியது அவளுடைய யோய்க். கல்யாணத்தன்று எல்லார் முன்னாலும் அவளைப் பாடினானே, அதே இழுப்பு, அதே குறும்பு. உயிர் வந்தது அவளுக்கு. சத்தம் வந்த பக்கம் இடுப்பளவு பனியில் விழுந்து எழுந்து ஓடினாள். குரல் பாறைக்குப் பின்னால் கேட்டது. பாறைக்குப் போனால், அதற்கும் அப்பால் கேட்டது. எங்கோ சட்டியில் கொழுப்பு பொரிவதுபோல மேலே ஒரு மெல்லிய படபடப்பு. தீய்ந்த மயிரின் நாற்றம். ஓடிக்கொண்டே கேட்டவள் ஒன்றைக் கவனித்தாள். அவன் மூச்சு வாங்கவே இல்லை. ஒரு சுற்று முடிந்து, அடுத்தது தொடங்கி, இடையில் இழை அளவுகூட இடைவெளி இல்லை.

சரிவில் ஒரு பள்ளம். கவிழ்ந்த வண்டி. அதன் அடியில் யொவ்னா.

உயிரோடு இருந்தான். கால் வண்டிக்குக் கீழே நசுங்கியிருந்தது. கண் திறந்திருந்தது. வாய் நிறையக் கையுறையை அடைத்து, முனகல்கூட வெளியே வராதபடி பல்லால் கடித்திருந்தான். அவளைப் பார்த்ததும் தலையை ஆட்டினான். வேண்டாம், வேண்டாம் என்று.

பாட்டு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் குரலில்.

அவள் கையுறையைப் பிடுங்கினாள். அவன் அவள் காதை இழுத்து உதட்டோடு வைத்துக்கொண்டான்.

"நான் பாடல, ரிஸ்தேன். காத்து நின்னதுலேருந்து நான் வாயே தொறக்கல. நீ ஏன் பாடின?"

அவள் நிமிர்ந்தாள். பாட்டு மேலிருந்து வந்தது. நேர் உச்சியிலிருந்து.

பிறகு ராகம் மாறியது. ஒரு சின்ன, துள்ளுகிற ராகம். ஐலேவின் யோய்க். அதைக் கட்டியவன் யொவ்னா. தொட்டிலுக்கு மேலே குனிந்து முதலில் பாடியவனும் அவன்தான். அந்தக் குரல் அதைப் பாடினால் ஐலே தூக்கத்தில்கூட எழுந்து ஓடி வருவாள்.

பள்ளத்தின் வாயிலிருந்து பார்த்தால், கீழே தூரத்தில் குடில் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வெளிச்சம் நீளமாக விழுந்தது. கதவு திறந்துவிட்டது.

பாடக் கூடாது என்று சொன்ன அம்மாவே பாடியதைக் குழந்தை கேட்டிருக்கிறாள். இப்போது அப்பா கூப்பிடுகிறார். அவள் ஏன் பயப்படப் போகிறாள்?

ஐலே பதில் பாடினாள். அந்தக் கீச்சுக் குரல் பனியின்மேல் தெளிவாக வந்தது.

"உள்ள போடி!" ரிஸ்தேன் தொண்டை கிழியக் கத்தினாள். "ஐலே, உள்ள போ!"

மேலே இருந்த குரல் உரத்தது. அவள் கத்தல் அதற்குள் காணாமல் போனது. யொவ்னா பனியை நகத்தால் கீறினான். கால் வரவில்லை.

ஒரு மஞ்சள் புள்ளி. தலைவிளக்கு. கதவைத் தாண்டியது. மானைத் தாண்டியது. நின்றது.

பச்சை மடிப்பு ஒன்று குடிலின்மேல் தாழ இறங்கியது.

புள்ளி எழுந்தது. கூரை உயரம். புகைபோக்கி உயரம். அதற்கும் மேலே, மெதுவாக, ஆடாமல்.

ஐலே பாடிக்கொண்டேதான் இருந்தாள். அம்மாவைத் தேடினாள் போலும், விளக்கு கீழ்நோக்கித் திரும்பியது. அந்த உயரத்திலிருந்து மெல்லிய ஒளி சரிவைத் தடவித் தடவி வந்து, பள்ளத்துக்குள் இறங்கி, அவர்கள் இருவர் முகத்திலும் நின்றது.